பச்சைக் கிளிப் நிற்காத தலை

பிப்ரவரி 9
பாப்பாவின் தலையணை உறையில் 11 முடி. நேற்று 7.

பிப்ரவரி 10
பச்சைக் கிளிப் மறுபடி வழுக்கி விழுந்துவிட்டது. அது பிடித்துக்கொள்ள அங்கே என்ன இருக்கிறது, பாவம். பாப்பா அதைப் பொறுக்கி என்னிடம் நீட்டி, "இதுக்குத் தூக்கம் வருதும்மா" என்றாள். மூன்று வயது முடிந்து இரண்டு மாதம் ஆகிறது, அவள் தலையில் கத்தரி வைக்கும் அவசியம் இன்றுவரை வரவில்லை. அக்கா மகள் இவளைவிட நான்கு மாதம் சின்னவள், இரட்டைப் பின்னல். அக்கா ஒன்றும் மனதில் வைத்துக்கொண்டு போட்டோ அனுப்புகிறவள் இல்லை, அது எனக்குத் தெரியும், ஆனாலும் இன்று வந்ததைத் திறக்காமலே அழித்தேன். அப்புறம் போய் மீட்டெடுத்துப் பார்த்தேன்.

பிப்ரவரி 12
அத்தை திரும்ப ஆரம்பித்துவிட்டார். ஒரு தடவை வழித்து விடு, கருகருவென்று அடர்த்தியாக வரும் என்கிறார். சண்டை போடத் தெம்பில்லை. இரவு உட்கார்ந்து படித்ததில், 1928இலேயே இதை அளந்து பார்த்துவிட்டார்கள் என்று தெரிகிறது. மழித்தால் வேகமும் கூடாது, தடிமனும் கூடாது. தோலுக்கு மேலே நிற்பது உயிரில்லாத இழை, அதை வெட்டிய சேதி உள்ளே இருக்கும் வேருக்குப் போவதே இல்லை. மழித்த முடி மழுங்கின நுனியோடு எழுவதால் கைக்குச் சொரசொரவென்று தடிப்பாகப் படுகிறது, அவ்வளவுதான். இதை அத்தையிடம் சொன்னால், "என் பிள்ளைக்கு அப்படித்தானே வந்தது" என்பார். அவர் பிள்ளையின் தலை இன்றைக்கு இருக்கிற இருப்பில் அந்தச் சாட்சி செல்லாது என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

பிப்ரவரி 13
தூக்கம் இல்லை. தலையில் சுமார் 1 லட்சம் மயிர்க்கால்கள், எல்லாம் வயிற்றுக்குள் இருக்கும்போதே, கிட்டத்தட்ட 22ஆம் வாரத்துக்குள் அமைந்துவிடுகின்றனவாம். பிறந்த பிறகு புதிதாக ஒன்றுகூட உண்டாகாது. இதைப் படித்ததிலிருந்து அந்த 22 வாரமும் கண் முன்னால் ஓடுகிறது. 16ஆம் வாரம்வரை எதுவும் உள்ளே தங்கவில்லை. 19இல் காய்ச்சல். இரும்பு மாத்திரையை எத்தனை நாள் விட்டேன்? நிறைய நாள். குமட்டுகிறது என்று தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு இவரிடம் போட்டுக்கொண்டேன் என்று சொன்ன நாளும் உண்டு. யாருக்கும் தெரியாது. இப்போது இங்கே எழுதிவிட்டேன்.

பிப்ரவரி 14
தலையணையில் 9.

பிப்ரவரி 17
சீப்பில் வந்த முடி ஒவ்வொன்றின் அடியிலும் குட்டியாக ஒரு வெள்ளைப் பொட்டு. வேரோடு பிடுங்கிக்கொண்டு வருகிறது. அப்படியானால் அந்த இடம் முடிந்ததா? வெள்ளைக் காகிதத்தில் 6 முடியை ஒட்டி வைத்திருக்கிறேன், டாக்டரிடம் காட்ட. இவர் அதைப் பார்த்துவிட்டு எதுவும் சொல்லவில்லை. ஏதாவது சொல்லியிருக்கலாம்.

பிப்ரவரி 18
இதை எழுதுவதா வேண்டாமா என்று அரை மணி நேரம் யோசித்தேன். இவர் முடி வளரத் தலையில் தடவிக்கொள்ளும் மருந்து, மினாக்ஸிடில் பாட்டில், குளியலறை அலமாரியில் இருக்கிறது. இரவு 2 மணிக்கு அதைக் கையில் எடுத்துக்கொண்டு பாப்பா படுக்கைப் பக்கத்தில் நின்றேன். ஒரு சொட்டு, உச்சியில் மட்டும். அட்டையில் 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு வேண்டாம் என்று பொடி எழுத்தில் இருந்தது, செல்போன் வெளிச்சத்தில் அதைப் படித்த பிறகும் கொஞ்ச நேரம் நின்றேன். திருப்பி வைத்துவிட்டேன். இன்று காலை அது எனக்கும் எட்டாத மேல்தட்டுக்குப் போய்விட்டது. நான்தான் ஸ்டூல் போட்டு ஏறி வைத்தேன், என்ன அர்த்தமோ.

பிப்ரவரி 20
டாக்டரிடம் போய் வந்தோம். ஞாபகம் இருக்கும்போதே எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும்.

முதலில் தலையைப் பார்க்கவே இல்லை. நகத்தைப் பார்த்தார். வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லை எண்ணினார். ஓடி விளையாடினால் வியர்க்குமா என்று கேட்டார். வியர்க்கும், சட்டை நனையும் என்றேன். ஏன் கேட்டார் என்று அப்போது புரியவில்லை. முடி, பல், நகம், வியர்வைச் சுரப்பி எல்லாம் கருவில் ஒரே படலத்திலிருந்து வருகிறவை, ஒன்றில் கோளாறு என்றால் மற்றதையும் பார்த்துவிட வேண்டும் என்று அவரே பிற்பாடு சொன்னார். பாப்பாவுக்கு 20 பல்லும் இருக்கிறது. நான் அழுதது பல்லுக்காக. இவர் நான் வேறு எதற்கோ அழுகிறேன் என்று நினைத்துத் தண்ணீர் எடுத்துவரப் போனார்.

அப்புறம் ஒரு கொத்து முடியை இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்து மெதுவாக உருவினார். நான்கைந்து கையோடு வந்தன. பாப்பாவுக்கு வலிக்கவில்லை, டாக்டரின் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் காகிதத்தை நீட்டினேன். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை, ஆறையும் லென்ஸில் வைத்துப் பார்த்தார். அந்த வெள்ளைப் பொட்டு வேர் இல்லையாம். வளர்ந்து முடித்து ஓய்வுக்குப் போன முடியின் அடி நுனி அப்படித்தான் இருக்குமாம். மயிர்க்கால் தோலுக்குள் பத்திரமாக இருக்கிறது, அடுத்த முடியை அதுவே முளைக்க வைக்கும். மூன்று நாளாக நான் அந்தப் பொட்டுகளுக்குத் துக்கம் காத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்து மேல் நுனி. ஊசி போலக் கூராக இருக்கிறது பாருங்கள், இவை வெட்டுப்படவும் இல்லை, நடுவில் ஒடியவும் இல்லை என்றார். ஒடிந்து ஒடிந்து குட்டையாகிற தலையில் நுனி பிய்ந்து இருக்குமாம். ஆக இந்த நீளத்துக்கு வந்து தானாக நின்றிருக்கிறது. ஸ்கேல் வைத்தார், உச்சியில் இருப்பதிலேயே நீளமானது 7 செ.மீ.

காதுக்குப் பின்னால் சட்டைப் பொத்தான் அளவு இடத்தைத் தோலோடு ஒட்ட வெட்டிவிட்டார். 30 நாள் கழித்து அளக்கலாம், அதுவரை இருக்கிற முடியைத் தொந்தரவு செய்யாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள் என்றார். இருக்கிறதே கொஞ்சம், அதிலும் ஒரு பொத்தான் அளவு போய்விட்டது. ரத்தப் பரிசோதனையும் உண்டு.

22 வாரம் பற்றிக் கேட்கவில்லை. வாசல்வரை வந்தும் கேட்கவில்லை.

பிப்ரவரி 21
நகம், பல், வியர்வை. நாள் முழுக்க இந்த மூன்று சொல்தான்.

பிப்ரவரி 24
ரத்தம் எடுக்கும்போது மட்டும் அலறினாள். "முடி வேணாம், வீட்டுக்குப் போலாம்" என்றாள். அவள் முன்னால் நாங்கள் பேசவே மாட்டோம் என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 27
ஹீமோகுளோபின் சரி. ஃபெரிட்டின், அதாவது உடம்பில் இருக்கும் இரும்புச் சேமிப்பு, சரி. தைராய்டு சரி. துத்தநாகம் சரி. சந்தோஷப்பட வேண்டியதுதானே? ஃபெரிட்டின் குறைவாக இருந்திருந்தால் சொட்டு மருந்து, மூன்று மாதம், முடிந்தது கதை. குழந்தைக்கு ஏதாவது குறை வராதா என்று ஒரு அம்மா எதிர்பார்ப்பாளா. எதிர்பார்த்தேன்.

மார்ச் 1
பொத்தான் இடத்தில் மணல் தூவினது போலக் கருப்புப் புள்ளிகள். 3 மி.மீ. இருக்கலாம். பாப்பா தூங்கும்போது டார்ச் அடித்துப் பார்த்தேன்.

மார்ச் 3
சில புள்ளிகள் நகரவே இல்லை. எல்லாம் வளர்கிறது, நடுவில் இவை மட்டும் வெட்டின அன்று இருந்தபடியே இருக்கின்றன. செத்துவிட்டனவா? போட்டோ எடுத்துப் பெரிதாக்கி எண்ணினேன். பத்துக்கு மூன்று. மறுபடி எண்ணினேன், பத்துக்கு நான்கு. இரண்டில் எது என்று தெரிய மூன்றாவது தடவை டார்ச் அடித்தேன், இவர் எழுந்து, "தூங்க விடு அவளை" என்றார். என்னைச் சொல்லவில்லை, அவளைச் சொன்னார். ஆனால் எனக்கும் சேர்த்துத்தான்.

மார்ச் 4
அத்தை கலர் கலராக வைட்டமின் மிட்டாய் வாங்கி வந்திருக்கிறார். டப்பாவில் முடி நீளமான ஒரு பெண் படம். போனில் டாக்டரிடம் கேட்டேன், வேண்டாம் என்றார். குறை இல்லாத இடத்தில் கொடுத்துப் பயனில்லை, வைட்டமின் ஏ மிதமிஞ்சிப் போனால் அதுவே முடியை உதிர்க்கும். அத்தைக்கு முகம் வாடிவிட்டது. தன் கைப்பணத்தில் வாங்கினது. அவரும் ராத்திரி யோசித்துக்கொண்டுதான் படுக்கிறார் போல. இது எனக்கு இன்றுதான் தோன்றுகிறது.

மார்ச் 9
எண்ணவில்லை. (5.)

மார்ச் 13
பிறந்த நாள் விழா ஒன்று. யாரோ, "தம்பி பேர் என்ன?" என்று கேட்டார்கள். பாப்பா தன் பெயரைச் சொன்னாள். அவர்கள் அசடு வழிந்தார்கள், நான் சிரித்து வைத்தேன், இவர் வீட்டுக்குப் போகலாமா என்றார். பாப்பா மட்டும் வர மாட்டேன் என்று தரையில் உருண்டாள். உருண்டதில் பச்சைக் கிளிப் தொலைந்து, நான்கு பேர் சோபாவை நகர்த்தித் தேடிக் கொடுத்தார்கள்.

மார்ச் 23
1 செ.மீ.

டாக்டர் இரண்டு தடவை அளந்தார், நான் எட்டிப் பார்த்து மூன்றாவது தடவை. எல்லோருக்கும் மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ.தானாம். பாப்பாவின் முடி மெதுவாக வளரவில்லை! மற்றவர்களுடையது போலவேதான் ஓடுகிறது, ஆனால் சீக்கிரம் உட்கார்ந்துவிடுகிறது. பொதுவாக ஒரு முடி 2 முதல் 6 வருடம் வளர்ந்துகொண்டே இருந்து பிறகுதான் ஓய்வுக்குப் போகும், இவளுக்கு ஏழெட்டு மாதத்தில் போய்விடுகிறது. 7 செ.மீ. கணக்கு அப்படியே உட்காருகிறது. நகராத புள்ளிகள் ஓய்வில் இருப்பவை, இவள் தலையில் ஒரே சமயத்தில் அப்படி நிறைய இருப்பதால்தான் உதிர்வதும் அதிகம், மண்டை தெரிவதும். வளரும் காலம் குறுகியது, அதுதான் இதற்குப் பெயரே. மருந்து? இந்த வயதுக்கு எதுவும் வேண்டாம். நிறையக் குழந்தைகளுக்கு வளர வளரச் சரியாகும், பருவ வயதையொட்டி நன்றாகத் தெரியும். பருவ வயது என்றால் இன்னும் எட்டு, பத்து வருடம். அதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டார்.

இந்தத் தடவை கேட்டுவிட்டேன். 22 வாரம், மாத்திரை, தலையணை, எல்லாவற்றையும் இவர் பக்கத்தில் இருக்கும்போதே. டாக்டர் லென்ஸைத் துடைத்துக்கொண்டே, "எண்ணிக்கையில் குறையே இல்லையே, எல்லாம் இருக்கிறதே" என்றார். இவர் ஒன்றும் பேசவில்லை. வண்டியில் வரும்போது, "எந்தத் தலையணை?" என்று மட்டும் கேட்டார்.

மார்ச் 24
அத்தையிடம் சொன்னேன். ஓட்டம், ஓய்வு, எல்லாம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப வழிச்சா?" என்றார்.

மார்ச் 26
அக்காவுக்குப் பாப்பாவின் போட்டோ அனுப்பினேன். தொப்பி இல்லாமல்.

மார்ச் 30
6. எண்ணக் கூடாது என்று முடிவு செய்து 5 நாள்தான் ஆகிறது.

ஏப்ரல் 2
பச்சைக் கிளிப் குளியலறைச் சல்லடையில் கிடந்தது, இரண்டு முடியோடு. ஈரத்தைத் துடைத்து ஜன்னல் வெளிச்சத்தில் நுனியைப் பார்க்கப் போனேன், அதற்குள் எழுந்துவிட்டாள்.