கட்டெறும்பு ராணி: நாட்குறிப்பு

அக்டோபர் 16, 2023
நேற்று மாலை மழை விட்டதும் வாசல் விளக்கை ஈசல்கள் மொய்த்துக்கொண்டிருந்தன. அவற்றோடு சேராமல், இறகுகளை உதிர்த்துவிட்டுச் சுவரோரமாகத் தனியே ஓடிய கட்டெறும்பு ராணி ஒன்றைப் பிடித்தேன். சோதனைக்குழாயின் அடியில் கொஞ்சம் தண்ணீர், அதை அடைத்து இறுக்கமான பஞ்சு, நடுவில் ராணி, வாயில் இன்னொரு பஞ்சு, அவ்வளவுதான் வீடு. அம்மாவின் மருந்துகள் இருக்கும் அலமாரியில், இருட்டான கீழ்த்தட்டில் வைத்திருக்கிறேன்.

அக்டோபர் 19
ஏழு முட்டைகள். எட்டாகவும் இருக்கலாம்.

அக்டோபர் 22
"அதுக்கு என்ன குடுத்தே?" என்று அம்மா கேட்டார். ஒன்றும் கொடுக்கவில்லை, கொடுக்கவும் கூடாது என்றேன். இந்த இன ராணி தன்னைத் தானே அடைத்துக்கொண்டு, இனித் தேவைப்படாத பறக்கும் தசைகளையும் உடற்கொழுப்பையும் கரைத்து, அதில் தானும் பிழைத்து, பிறக்கும் புழுக்களுக்கும் வாயால் ஊட்டும். "பட்டினி போட்டு ஒரு உயிரை வளப்பாங்களா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருடைய தட்டில் ஒன்றரை இட்லி மீதமிருந்தது. நான் அதைப் பற்றிப் பேசவில்லை.

அக்டோபர் 30
ஐந்துதான் இருக்கின்றன. மூன்று முறை எண்ணினேன், அப்படி எண்ணியதே தவறாக இருக்கலாம். கலவரப்பட்ட ராணி தன் முட்டைகளையே தின்றுவிடும் என்பதைத் தெரிந்துகொண்டே நேற்று இரண்டு முறை குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மாத்திரை எடுப்பதற்காக ஒரு நாளைக்கு ஆறு தடவை அந்த அலமாரிக் கதவைத் திறந்து மூடுகிறேன். சுவருக்கு அந்தப்புறம் மிக்ஸி ஓடுகிறது. இவற்றில் எது காரணமென்று பிரித்தறிய வழியில்லை. ஒருவேளை காரணமே வேண்டாம், பசிக்கு எடுத்துக்கொண்டிருக்கலாம். தேன் வைத்தால் என்ன என்று ஒரு கணம் தோன்றியது. வைத்தால் பஞ்சில் பூசணம் பிடிக்கும், திறக்கும்போது இன்னும் மிரளும். குழாயைப் புத்தக அலமாரிக்கு மாற்றி, சிவப்புக் கண்ணாடித்தாளைச் சுற்றிவிட்டேன். சிவப்பு ஒளி எறும்புக்குச் சரியாகத் தெரியாது. இனி ஒரு வாரம் பார்ப்பதில்லை.

அக்டோபர் 31
பார்த்தேன். ஐந்து.

நவம்பர் 12
தீபாவளி. வெடிச்சத்தத்துக்குப் பயந்து குழாயைப் பழைய துண்டில் சுற்றித் தலையணைகளுக்கு நடுவே வைத்தேன். அம்மா தூங்கவே இல்லை. புழுக்கள் அரிசிக் குறுணை அளவுக்கு வந்துவிட்டன.

நவம்பர் 24
புழுக்கள் கூடு கட்டிவிட்டன. நாம் எறும்பு முட்டை என்று சொல்லும் அந்த வெள்ளை உருண்டைகள் உண்மையில் இந்தக் கூடுகள்தாம்; முட்டை இவற்றைவிட மிகச் சிறியது. "இது எத்தனை வருஷம் இருக்கும்?" என்றார் அம்மா. இங்கிலாந்தில் ஜான் லபக் என்பவர் 19ஆம் நூற்றாண்டில் வளர்த்த வேறோர் இன ராணி ஏறக்குறைய 15 ஆண்டுகள் வாழ்ந்ததைச் சொன்னேன். "அம்மாடி" என்றார். பிறகு வெகுநேரம் சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டிசம்பர் 6
முதல் வேலைக்காரி பிறந்துவிட்டாள்! வெளிறிய நிறம், வழக்கமான கட்டெறும்பில் பாதிகூட இல்லை. முதல் ஈட்டில் பிறப்பவை இப்படித்தான் இருக்கும். ராணியின் கையிருப்பு அவ்வளவுதான்.

டிசம்பர் 8
இரண்டு பேர் ஆகிவிட்டதால் முதல் உணவு வைத்தேன். ஒரு பங்கு தேனுக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்து, ஊசிமுனையால் ஒரே ஒரு பொட்டு, அலுமினியத் தாள் துணுக்கின் மேல். துளி பெரிதானால் இவ்வளவு சிறிய எறும்பு அதிலேயே மூழ்கிவிடும். பத்து நிமிடம் யாரும் வரவில்லை. பிறகு மூத்தவள் வந்து உணர்கொம்புகளால் தொட்டுப் பார்த்துவிட்டு அசையாமல் நின்று குடித்தாள். வயிற்றின் கறுப்புப் பட்டைகள் விலகி, இடையில் தேன் நிறம் தெரிந்தது. அது அவளுக்கு மட்டுமான வயிறு அல்ல, பகிர்வதற்கென்றே உள்ள பை. திரும்பிப் போய் ராணியின் வாயோடு வாய் வைத்தாள். பிடித்து 54 நாட்களுக்குப் பிறகு ராணியின் முதல் ஆகாரம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அம்மாவும் பார்த்தார்.

டிசம்பர் 10
புழுக்களுக்குப் புரதம் வேண்டும். மருந்தடித்த பூச்சி ஆகாது என்பதால் கொசு மட்டையில் விழுந்த ஒன்றைக் கொடுத்தேன். கருகியிருந்தது, இருந்தும் இழுத்துக்கொண்டு போயின. மீந்த காலையும் இறகையும் நாளைக்கே எடுத்துவிட வேண்டும்.

டிசம்பர் 12
தேன் வாசனைக்குச் சிற்றெறும்புகள் மேசைக்கால் வழியாக வரிசை கட்டி வந்துவிட்டன. சமையலுக்கு வரும் அக்கா சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிடலாம் என்றார். அந்தப் பொடி இந்த அறைக்குள்ளேயே வரக்கூடாது என்று கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். பாவம், அவருக்கென்ன தெரியும். பால் பாத்திரத்தைத் தண்ணீர்த் தட்டில் நிறுத்துவாரே அம்மா, அதைப்போல நான்கு கால்களையும் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தினேன். எறும்புக்குப் பயந்து எறும்பைப் பாதுகாக்கிறேன்.

டிசம்பர் 13
ஐந்தாவது கூடு இன்னும் திறக்கவில்லை. கஞ்சி அரை டம்ளர் இறங்கியது. கிண்ணங்களில் தண்ணீர் மாற்ற வேண்டும்.