ராயபுரம் உப்புக்காற்றில் ஒரு பாலைவனப் பெட்டி

நேற்று மதியம் ஹாலில் 31 டிகிரி, ஈரப்பதம் 74 சதவீதம். அதே நேரத்தில் நான் செய்துவைத்த பெட்டிக்குள், பேஸ்கிங் கல்லுக்கு (பல்புக்குக் கீழே குளிர்காயும் கல்) சற்று மேலே ஈரப்பதம் 46! கடலுக்கு இவ்வளவு பக்கத்தில், ஏசி போடாமல் வந்த ரீடிங். இதில் வாழப்போகும் பியர்டட் டிராகன் என்கிற பாலைவன ஓணான் இன்னும் வீட்டுக்கு வரவில்லை, பெட்டி காலியாகத்தான் ஓடுகிறது. இருந்தாலும் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

பெட்டி 4க்கு 2க்கு 2 அடி. ஈரம் தாங்கும் 710 தர மெரைன் பிளைவுட், முன்னால் 5 எம்.எம். ஸ்லைடிங் கண்ணாடி. ஷோகேஸ் செய்கிற ஆசாரியிடமே கொடுத்தேன். "ஓணானுக்கா தம்பி இவ்ளோ நல்ல பலகை?" என்று கேட்டுவிட்டு அருமையாகச் செய்து கொடுத்தார். அவர் சொன்னதும் தப்பில்லை, நம் வேலி ஓணானும் ஆஸ்திரேலியாவின் இந்தப் பிராணியும் ஒரே அகாமிடே குடும்பம்தான். அம்மாவுக்கு அந்தத் தகவலே போதும். வேலியில் போற ஓணானை எடுத்து மடியில் விட்ட கதையைத் தினமும் ஒரு தடவை சொல்லிவிடுகிறார்.

இங்கிலாந்து, அமெரிக்கக்காரர்களின் வழிகாட்டிகளைப் படித்தால் எல்லாம் சூடு ஏற்றுகிற கவலை. 100 வாட் பல்பு போடு, சூடு வெளியே போகாமல் அடை, இதேதான். நமக்குக் கவலையே வேறு. பேஸ்கிங் கல்லில் 40 டிகிரி கொண்டுவர 50 வாட் ஹாலோஜனே அதிகம், அதையும் டிம்மரில் இறக்கித்தான் வைத்திருக்கிறேன். மறுகோடி ஹாலைவிட அதிகம் சூடாகாமல் இருப்பதும், உள்ளே காற்று தேங்காமல் இருப்பதும்தான் இங்கே பெரிய வேலை. தொடர்ந்து ஈரக்காற்றில் இருந்தால் டிராகனுக்கு நுரையீரல் தொற்று வரலாம்.

அதனால் என் நேரமெல்லாம் துளைகளுக்கே போனது. பல்பு இருக்கும் வலது பக்கம் உச்சியில் பெரிய துளைகள், இடது பக்கம் தரையை ஒட்டிச் சின்னத் துளைகள். சூடான காற்று மேலே போகும்போது கீழே இருந்து ஹால் காற்றை இழுத்துக்கொள்ளும். ஊதுபத்தி கொளுத்தி இடது துளை அருகே பிடித்தால் புகை உள்ளே போய், கல் பக்கம் ஏறி, மேல் துளை வழியாக வருவது கண்ணுக்கே தெரிகிறது. மேல் துளை பல்புக்கு நேர் மேலே இருந்தால் சூடு நேராக வெளியே ஓடிவிடும், அதனால் ஒரு சாண் தள்ளிப் போடவேண்டும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய 12 வோல்ட் கம்ப்யூட்டர் ஃபேனையும் மாட்டி ஒப்பிட்டுப் பார்த்தேன். எண்களில் சொல்லிக்கொள்கிற வித்தியாசம் இல்லை, சத்தம் மட்டும் உண்டு. கழற்றிவிட்டேன்.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. காற்றில் உள்ள நீரின் அளவு மாறாமல் சூடு மட்டும் ஏறினால் ஈரப்பத சதவீதம் தானாக இறங்கும். 31 டிகிரியில் 74 இருக்கும் காற்றை 39க்கு ஏற்றினாலே 47 பக்கம் வந்துவிடும். அதாவது பெட்டி எதையும் உலர்த்தவில்லை, ஈரத்தைச் சேரவிடாமல் வைத்திருக்கிறது, அவ்வளவுதான். குளிர் மூலையில் இன்னும் 70தான். சிலிக்கா ஜெல் பைகளைத் தொங்கவிடச் சொல்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இவ்வளவு காற்று ஓடும் பெட்டியில் அது காசுக்குப் பிடித்த கேடு. சித்திரை வெயிலுக்குப் பெட்டி படுக்கையறை ஏசிக்கு மாறும், வேறு வழி தெரியவில்லை.

ஈரப்பத மீட்டரை அப்படியே நம்பாதீர்கள். ஒரு பாட்டில் மூடியில் உப்பைத் தண்ணீர் தெளித்துக் களியாக்கி, மீட்டரோடு ஜிப் கவரில் போட்டு ஒரு ராத்திரி வையுங்கள். காலையில் 75 காட்டவேண்டும். என்னுடையது 81 காட்டியது. மேலே எழுதிய ஈரப்பத ரீடிங் எல்லாம் 6 கழித்த பிறகு சொன்னது.

துளைகளை மூட வலை வாங்கும்போது ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) வேண்டாம், நம் பக்கத்து உப்புக்காற்றில் சீக்கிரமே துருப்பிடித்துவிடும். நைலான் கொசுவலையைத் தீனிக்கு விடும் சில்வண்டு கடித்துவிடும். பாரிமுனை பக்கம் அடிக்கணக்கில் வெட்டித் தரும் 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வலைதான் சரி, அதுவும் கண் சிறியதாக. வீட்டுப் பல்லி உள்ளே போனால் ஒட்டுண்ணிகளும் கூடவே போகும்.

தரைக்கு மணல் போடவில்லை. மொட்டை மாடியில் பதிக்கிற சிவப்புத் தட்டோடு. சொரசொரப்பு நகத்துக்கு நல்லது, சூட்டையும் பிடித்துவைக்கும். பளபளப்பு இல்லாததால் சூடு அளக்கும் இன்ஃப்ராரெட் துப்பாக்கியும் சரியான எண் காட்டும். வீடு கட்டிய இடத்தில் மிச்சம் கிடந்ததைக் கேட்டு வாங்கினேன், செலவே இல்லை.

யூ.வி.பி. என்கிற புற ஊதாக் கதிருக்கு 12 சதவீத டி5 டியூப், உள்ளேயே கூரையை ஒட்டி, கல்லில் இருந்து சுமார் 35 செ.மீ. தூரத்தில். வலைக்கு மேலே வைத்தால் நல்ல பங்கு வலையிலேயே போய்விடும், கண்ணாடிக்கு மேலே என்றால் கிட்டத்தட்ட ஒன்றுமே இறங்காது. டியூப் வாங்கிய கடையில் "எரியிற வரைக்கும் வேலை செய்யும் சார்" என்றார்கள். வெளிச்சம் இருக்கும், யூ.வி.பி. இருக்காது! வருடத்துக்கு ஒரு தடவை மாற்றவேண்டும் என்று டியூப் மேலேயே தேதி எழுதிவிட்டேன். கொளத்தூரில் மீனுக்கு எல்லாம் கிடைக்கும், ஊர்வனவுக்கு என்று கேட்டால் ஆமைத் தீனியை எடுத்துக் காட்டுகிறார்கள். அக்வேரியம் சிலிகான் மட்டும் அங்கே வாங்கினேன்.

கண்ணாடிக்குப் பூட்டு இன்னும் போடவில்லை, மூலைகளுக்குச் சிலிகான் பூச்சும் பாதிதான். அதற்குள் மனசு டிராகனுக்குத் தீனியாகும் டூபியா கரப்பான் வளர்ப்புக்குப் போய்விட்டது. வழவழப்பான பிளாஸ்டிக் டப்பாவில் அவற்றால் ஏறமுடியாது, சில்வண்டு போலக் கத்தாது. கீரைக்கு மாடியில் முருங்கை இருக்கிறது, பாலக் பக்கம் போகமாட்டேன், அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைச் சேரவிடாது. கரப்பான் டப்பாவை அம்மா கண்ணில் படாமல் எங்கே வைப்பது என்பதற்கு யோசனை இருந்தால் சொல்லுங்கள். பரண் மேல் வேண்டாம், அங்கே ஊறுகாய் ஜாடி இருக்கிறது.