செப்டிக் டேங்க் வேண்டாம், இரட்டைக் குழி போதும்

எங்கள் கிராமத்தில் புது வீடு கட்டுகிறவர்கள் எல்லோரும் பெரிய செப்டிக் டேங்க்தான் கேட்கிறார்கள். அது நிறைந்ததும் லாரியைக் கூப்பிட வேண்டும். உறிஞ்சிய கழிவு பல நேரம் ஏரிக்கரையிலோ ஓடையிலோதான் கொட்டப்படுகிறது. லாரி கிடைக்காவிட்டால் யாரோ ஒரு மனிதர் விஷவாயுவுக்குள் இறங்குகிறார். 2013இல் சட்டம் போட்டுத் தடுத்த பிறகும் இது நடப்பதை என்னால் தாங்க முடியவில்லை.

இரட்டைக் குழிக் கழிப்பறைக்கு லாரியும் வேண்டாம், ஆள் விஷவாயுவுக்குள் இறங்கவும் வேண்டாம். ஒரு குழி நிறைந்தால், குழாய் இரண்டு குழிகளுக்கும் பிரிகிற இணைப்புத் தொட்டியில் அடைப்பை மாற்றி அடுத்த குழிக்குத் திருப்பிவிடலாம். செங்கல் சுவரில் விட்ட இடைவெளி வழியாக நீர் மண்ணில் இறங்கிவிடும். மூடிய குழியில் ஓராண்டுக்குமேல் கிடப்பது நாற்றமில்லாத எருவாகிவிடும். 2017இல் தெலங்கானாவின் கங்கதேவிபள்ளி கிராமத்தில் மத்திய அரசுச் செயலாளர் பரமேஸ்வரன் ஐயரே குழிக்குள் இறங்கி அந்த எருவை அள்ளிக் காட்டினார்!

குளியல், சமையல் நீரை மட்டும் இதில் விடாதீர்கள். அதற்குத் தனி உறிஞ்சு குழி வேண்டும். கிணற்றிலிருந்து நன்றாகத் தள்ளித் தோண்டுங்கள். நிலத்தடி நீர் மேலேயே நிற்கும் தாழ்வான இடத்துக்கு இந்த முறை பொருந்தாது. ஊரில் வீடு கட்டப்போகிறவர்கள் கொத்தனாரிடம் பேசுவதற்கு முன் என்னைக் கூப்பிடுங்கள், நேரில் வந்து இடம் பார்க்கிறேன்.