இரண்டாம் முறை ஓடும் பயணம்

எடிட்டிங் அறையில் நான் அதிகம் கேட்ட வாக்கியம், "இதுதான் முன்னாடியே வந்திடுச்சே, தூக்கிடுங்க சார்." டைரக்டர் சொல்வார், தயாரிப்பாளர் சொல்வார், டீ கொண்டுவரும் தம்பியும் சொல்லியிருக்கிறான். பெரும்பாலும் அவர்கள் சொல்வது சரியாகத்தான் இருக்கும். ஆனாலும் புதிதாகச் சேரும் உதவியாளர்களுக்கு நான் போட்டுக் காட்டுவது, நடந்ததையே திரும்ப ஓட்டும் ஒரு படத்தை. பிரிட்டிஷ் தகவல் அமைச்சகத்துக்காக 1944-இல் ஹிட்ச்காக் பிரெஞ்சில் எடுத்த 'பான் வோயாஜ்'. 26 நிமிடம்தான்.

பிரிட்டிஷ் விமானப்படையின் ஸ்காட்லாந்து இளைஞன் ஒருவன், ஜெர்மானியர் பிடியிலிருக்கும் பிரான்ஸிலிருந்து தப்பி லண்டன் வந்து சேர்கிறான். தலைமறைவுப் போராளிகள் தன்னை எப்படிக் கைமாற்றி அனுப்பினார்கள் என்று பிரெஞ்சு அதிகாரி ஒருவரிடம் சொல்கிறான். கூட வந்த போலந்துக்காரன்மேல் அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அதிகாரி சொல்கிறார்: அவன் ஜெர்மானிய ரகசியப் போலீஸான கெஸ்டபோவின் ஆள். அப்புறம் அதே பயணம் மறுபடி வருகிறது, இளைஞன் கவனிக்காமல் விட்டதையெல்லாம் சேர்த்துக்கொண்டு.

சமீபத்தில் வந்த உதவியாளர், "ரெண்டாவது தடவை வர்றதை மட்டும் வெச்சா போதுமே சார்" என்றார். சரி, வெட்டிப் பாருங்கள் என்றேன். லேப்டாப்பில் வெட்டினார். கதை புரிந்தது, ஆனால் படபடப்பு காணாமல் போயிருந்தது. முதல் முறை நாமும் அந்தப் போலந்துக்காரனை நம்பித் தொலைத்திருந்தால்தானே பிறகு வயிறு கலங்கும்? அவனைச் சரியாக அடையாளம் கண்ட பெண்ணை அவனே கொன்றுவிட்டான் என்பது லண்டனில்தான் இளைஞனுக்குத் தெரிகிறது. அவளுக்கு ஆபத்து இருந்ததையே அறியாமல் நாமும் இளைஞனோடு சேர்ந்து கிளம்பி வந்திருக்கிறோம்.

நிஜத்திலும் அப்படித்தான். ஆந்த்ரே தெ யோங் என்ற பெல்ஜியப் பெண் 1941-இல் தொடங்கிய 'காமெட்' அமைப்பு, சுட்டு வீழ்த்தப்பட்ட விமானிகளை பிரஸ்ஸல்ஸ், பாரிஸ் வழியாக பிரனீஸ் மலை தாண்டி ஸ்பெயினுக்குக் கூட்டிப்போனது. இப்படிப்பட்ட வேலையில் யாரும் தேவைக்கு மேல் தெரிந்துவைத்துக்கொள்வதில்லை. பிடிபட்டால் சொல்வதற்கு எதுவும் இருக்கக் கூடாது. ஆனால் அதே இருட்டுதான் துரோகிக்கும் வசதி. ழாக் தெசூப்ரி என்பவன் உதவிசெய்பவன்போல உள்ளே நுழைந்து, 1943-இல் ஆந்த்ரேயின் தந்தையைப் பாரிஸில் காட்டிக்கொடுத்தான். மறுவருடம் அவரைச் சுட்டுக் கொன்றார்கள்.

இந்தப் படத்தின் டைட்டிலையும் நிறுத்திக் காட்டுவேன். எங்கள் தொழிலில் யார் பெயர் முதலில், எழுத்து எவ்வளவு பெரிது என்பதற்கே பஞ்சாயத்து நடக்கும். இதில் இளைஞனாக நடித்த ஜான் ப்ளைத் பெயர் இருக்கிறது. நாடு விட்டு இங்கிலாந்து வந்திருந்த பிரெஞ்சு நடிகர்களெல்லாம் 'மோலியேர் குழுவினர்' என்ற ஒரே பெயருக்குள் அடக்கம். பெயர் வெளியே தெரிந்தால் ஊரில் சிக்கியிருந்த உறவினர்களுக்கு ஆபத்து.

நம்மிடமும் போர்க்காலத்தை வைத்து, ஒரே சம்பவத்தைத் திருப்பித் திருப்பிச் சொன்ன படம் உண்டு. 1954-இல் வந்த 'அந்த நாள்'. பாட்டே கிடையாது. உதவியாளருக்கு அது பிடித்திருந்தது. 'பான் வோயாஜ்' விஷயத்தில்தான் இன்னும் இறங்கி வரவில்லை. விசாரணை அறைக்குத் திரும்பும் இடங்களையாவது குறைக்கலாம் என்கிறார். அது நியாயம்தான், அதிகாரி கொஞ்சம் அதிகமாகவே பேசுகிறார்.