ஒரு காதணி விழாப் பத்திரிகைக்காக எக்ஸ்பியை எழுப்பிய கதை

மதுரை வடக்கு மாசி வீதிப் பக்கம் ஒரு சந்துக்குள் எனக்குச் சின்ன டிடிபி கடை. கடையில் இருப்பது ஆறாம் தலைமுறை ஐ3 கம்ப்யூட்டர். அதை விண்டோஸ் 11 ஏற்காது, விண்டோஸ் 10-க்கான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. அதனால் பழைய ஃபைல்களை எல்லாம் பென்டிரைவில் எடுத்துவைத்துவிட்டு விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச ஓ.எஸ். போட்டேன். விசிட்டிங் கார்டு, பில் புக் எல்லாம் சிக்கலில்லாமல் ஓடியது. அப்புறம்தான் செல்லூர் அக்கா வந்தார்.

"தம்பி, மூத்தவனுக்கு அடிச்ச பத்திரிகை மாதிரியே சின்னவளுக்கும் போட்டுருங்க. பேரு வரிசை மட்டும் மாறக் கூடாது."

எங்கள் பக்கத்துக் காதணி விழாப் பத்திரிகையில் தாய்மாமன், பங்காளி பெயர்களே இரண்டு பத்திக்கு ஓடும். யார் பெயர் யாருக்கு மேலே என்பது போன விழாவிலேயே பேசித் தீர்த்த பஞ்சாயத்து. நான் புதிதாக டைப் அடிக்கும்போது ஒரு மாமா ஒரு வரி கீழே இறங்கிவிட்டால் கடைக்கே வந்துவிடுவார்கள்.

அந்தப் பத்திரிகை பேஜ்மேக்கர் 7 என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில், பாமினி எழுத்துருவில் செய்தது. மின்டில் இருக்கும் லிப்ரே ஆபிஸ் டிரா அந்த ஃபைலைத் திறக்கிறது, ஆனால் பார்டரும் பத்தியும் இடம் மாறி நின்றன. எழுத்து வேறு தொல்லை. பாமினியில் 'தமிழ்' என்று தெரிவது உள்ளே ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி. எழுத்துரு இல்லாவிட்டால் பத்திரிகை முழுக்க இங்கிலீஷ் கிறுக்கல்தான். சரி, பேஜ்மேக்கரை அதன் சொந்த வீட்டிலேயே ஓட்டுவோம் என்று, கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸை இறக்கினேன். மின்டுக்குள் ஒரு ஜன்னலில் விண்டோஸ் எக்ஸ்பி.

நிறுவும்போதே செக்யூர் பூட் (தெரியாத டிரைவரை உள்ளே விடாத பூட்டு) இருப்பதாகச் சொல்லி ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொன்னது. வைத்தேன். ரீஸ்டார்ட் ஆகும்போது நீலத் திரை ஒன்று வரும், அதில் ஏதாவது ஒரு கீயைத் தட்டி, 'என்ரோல் மோக்' (டிரைவருக்கான சாவியைப் பதிவது) என்பதைத் தேர்ந்தெடுத்து, அதே பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டும். பத்து விநாடிதான் காத்திருக்கும். நான் டீ வாங்கப் போயிருந்தேன். திரும்பி வந்தால் மின்ட் சமர்த்தாகத் திறந்திருக்கிறது, விர்ச்சுவல்பாக்ஸோ கெர்னல் டிரைவர் இல்லை என்கிறது. பதிவை மறுபடி முதலிலிருந்து செய்து, இந்த முறை நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. அந்தத் திரையில் பாஸ்வேர்டு அடிக்கும்போது ஒன்றும் தெரியாது, கீபோர்டு செத்துவிட்டதோ என்று பயப்பட வேண்டாம்.

அடுத்து, விடி-எக்ஸ், அதாவது விர்ச்சுவல் கம்ப்யூட்டரை ஓட்ட பிராசஸரில் இருக்கும் வசதி, பயாஸில் (கம்ப்யூட்டரின் அடிப்படை செட்டிங்ஸில்) அணைந்திருக்கிறது என்று ஒரு பிழை. ஸ்டார்ட் ஆகும்போது டெலீட் கீயைத் தட்டித் தட்டி பயாஸுக்குள் போனேன். அட்வான்ஸ்டு, அதற்குள் சிபியு கான்ஃபிகரேஷன், அதற்குள் 'இன்டெல் விர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி'. இத்தனை வருஷமாக 'டிஸேபிள்டு' என்றே இருந்திருக்கிறது. மாற்றிச் சேமித்துவிட்டு, வெறும் ரீஸ்டார்ட் போதாதோ என்று சுவிட்சையே அணைத்துப் போட்டேன். ஏற்றுக்கொண்டது.

எக்ஸ்பிக்கு ஒரு ஜிபி ரேம், பத்து ஜிபி டிஸ்க். அது தாராளம். சிடி பழைய சிபியுவோடு வந்தது, சாவி அந்தப் பெட்டியின் பின்னால் ஒட்டிய ஸ்டிக்கரில். 25 எழுத்து. பாதி தேய்ந்து, ஓர் இடத்தில் பி-யா எட்டா என்று தெரியவில்லை. செல்போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்து, எட்டு என்று போட்டேன். இல்லை. பி.

நெட்வொர்க் அடாப்டரில் இருந்த டிக்கை முதல் வேலையாக எடுத்துவிட்டேன். எக்ஸ்பிக்குப் பாதுகாப்புத் திருத்தம் நின்றது 2014 ஏப்ரலில். அதை இணையத்தில் விடுவது வாசற்கதவைத் திறந்துபோட்டுத் தூங்குவது மாதிரி. விர்ச்சுவல்பாக்ஸின் துணை மென்பொருளான கெஸ்ட் அடிஷன்ஸை எக்ஸ்பிக்குள் போட்ட பிறகு, இரண்டுக்கும் பொதுவான ஷேர்டு ஃபோல்டர் வழியாக ஃபைல் உள்ளேயும் வெளியேயும் போய்வருகிறது. பேஜ்மேக்கரும் எழுத்துருவும் ஏற்றி முடித்ததும் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துக்கொண்டேன், ஏதாவது கெட்டால் அப்படியே அந்த நிலைக்குத் திரும்பலாம். இதை மட்டும் தயவுசெய்து விடாதீர்கள்.

பத்திரிகை திறந்தது. பார்டர், பிள்ளையார், பெயர்கள், எல்லாம் போட்ட இடத்தில். பிடிஎஃப் எடுப்பதுதான் பாக்கி. எக்ஸ்பியில் ஒரு போஸ்ட்ஸ்கிரிப்ட் (பக்கத்தை விவரிக்கும் அச்சு மொழி) பிரிண்டரைச் சேர்த்து, போர்ட் என்கிற இடத்தில் 'ஃபைல்' என்று கொடுத்தேன். பிரிண்ட் கொடுத்தால் தாளுக்குப் பதில் ஒரு ஃபைல் வரும். அதை ஷேர்டு ஃபோல்டரில் போட்டு, மின்டில் கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற மென்பொருளோடு வரும் 'பிஎஸ்டூபிடிஎஃப்' கட்டளையைக் கொடுத்து அதைப் பிடிஎஃப் ஆக்கினேன். எழுத்துரு உள்ளேயே பதிந்து வந்துவிட்டது.

பிள்ளை பெயர், தேதி, மண்டபம் மாற்றி அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ராத்திரி ஒன்பது மணிக்கு போன். "வரிசை எல்லாம் சரியா இருக்கு தம்பி. எங்க மாமனாருக்கு முன்னாடி மட்டும் 'தெய்வத்திரு'ன்னு சேர்த்துருங்க. போன விழாவுக்கு அவருதான் முன்னாடி நின்னு எல்லாரையும் கூப்பிட்டாரு."

கடையை மறுபடி திறந்து, எக்ஸ்பியைக் கிளப்பி, அந்த ஒரு வார்த்தையைப் பாமினியில் அடித்தேன்.