சாளை போட்ட பாஸ்தாவும் இத்தாலிக்காரன் கண்ணீரும்

என் கொழுந்தன் துபாயில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை பார்க்கிறார். நான் பாஸ்தா செய்து போட்டோ அனுப்பினால் போதும், "மைனி, இதை இத்தாலிக்காரன் பார்த்தா அழுதுருவான்" என்று உடனே பதில் வந்துவிடும். அழட்டும், அவன் என்ன ராத்திரி கேரள எல்லையில் இருக்கிற எங்கள் களியக்காவிளைக்குச் சாப்பிடவா வரப்போகிறான்? அதற்காக, பாரம்பரியச் செய்முறையெல்லாம் சும்மா, கையில் கிடைத்ததைப் போட்டுக் கிளறினால் சரி என்கிற கட்சியிலும் நான் இல்லை. இரண்டு பேரோடும் எனக்குச் சண்டை இருக்கிறது.

முதலில் அழுகிறவர்கள். கார்பொனாரா என்றால் முட்டை, பெக்கொரினோ சீஸ், பன்றியின் கன்னக்கறியை உப்பிட்டுப் பதப்படுத்திய குவான்சாலே, மிளகு, இவ்வளவுதான், இதற்கு மேல் ஒரு பல் பூண்டு விழுந்தாலும் குற்றம் என்பார்கள். ஆனால் இத்தாலியில் அச்சில் வந்த முதல் கார்பொனாரா செய்முறை 1954-இல் ஒரு சமையல் பத்திரிகையில் வந்தது. அதில் பூண்டு இருக்கிறது, சுவிட்சர்லாந்தின் க்ருயேர் சீஸ் இருக்கிறது, குவான்சாலே இல்லை, அதற்குப் பதில் பான்செட்டா என்கிற வயிற்றுக்கறி. போர்க்காலத்தில் ரோமுக்கு வந்த அமெரிக்கச் சிப்பாய்களின் பேக்கனும் முட்டைப்பொடியும்தான் இந்த உணவுக்கே மூலம் என்று வாதாடுகிறவர்களும் உண்டு. பொலோஞ்ஞா ஊரின் ராகு, அதாவது கொத்துக்கறியை மணிக்கணக்கில் வேகவிட்டுச் செய்கிற குழம்பு, அதை 1982 அக்டோபர் 17 அன்று இத்தாலிய சமையல் அகாடமி அந்த ஊர் வர்த்தக சபையில் நிலப்பத்திரம் பதிகிற மாதிரி பதிந்து வைத்தது, அப்புறம் அதே அகாடமி 2023-இல் அதைத் திருத்தி மறுபடியும் பதிந்தது. ஆக, நாம் பயந்து பயந்து பின்பற்றுகிற சட்டங்களில் சிலவற்றுக்கு என் அம்மா வயதுகூட ஆகவில்லை.

இதைச் சொல்லிச் சிரிக்க நமக்கும் யோக்கியதை இல்லை. அவியலுக்குத் தயிரா, மாங்காயா, புளியா என்று பாறசாலைக்கும் மார்த்தாண்டத்துக்கும் நடுவில் கேட்டுப் பாருங்கள். வெங்காயம் போட்டால் பெண் கொடுக்க மாட்டார்கள் போலிருக்கும். நம் ஊர்ச் சாப்பாடு என்றதும் எல்லாரும் முதலில் சொல்கிற மரச்சீனியும் மீன் கறியும் மட்டும் எப்போது வந்ததாம்? மரச்சீனி, அதாவது மரவள்ளி, தென்னமெரிக்கக் கிழங்கு. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் அதைப் பயிரிடச் சொல்லிப் பரப்பினார், 1942-இல் பர்மா ஜப்பான்காரன் கைக்குப் போய் அரிசி வரத்து நின்றபோது இந்தப் பக்கத்து வீடுகளில் வயிறு நிறைந்ததே அந்தக் கிழங்கால்தான். மீன் கறியில் விழுகிற மிளகாய்வற்றலும் அமெரிக்கக் கண்டங்களில் இருந்து வந்த சரக்குதான். பஞ்சத்திலும் போரிலும் கிடைத்ததை வைத்துச் சமைத்தது நாளடைவில் பாரம்பரியம் ஆகிவிட்டது, ரோமில் நடந்ததும் ஏறக்குறைய இதுதான்.

சரி, இனி மற்ற கட்சி. இந்த ஊரில் ஒரு கடையில் கார்பொனாரா என்று கேட்டேன், கிண்ணம் நிறையக் கிரீமும் அதற்குள் குழைந்துபோன பாஸ்தாவும் வந்தது. கிரீம் வேண்டாம் என்று நான் சொல்வது இத்தாலிக்காரன் கோபிப்பான் என்பதற்காக இல்லை. அங்கே குழம்பைக் கெட்டிப்படுத்துகிற வேலை முட்டை மஞ்சளுக்கு உரியது. அடுப்பை அணைத்துவிட்டு, பாஸ்தாவின் சூட்டிலேயே முட்டையையும் சீஸையும் பாஸ்தா வெந்த தண்ணீரையும் சேர்த்துக் கிளறினால் அதுவே வழவழவென்று வரும், அடுப்பு எரிந்தால் முட்டைப் பொரியல் ஆகிவிடும். கிரீம் ஊற்றுகிறவர் அந்தப் பயத்துக்குத்தான் ஊற்றுகிறார். அதே மாதிரி, 100 கிராம் பாஸ்தாவுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், 10 கிராம் உப்பு என்கிற கணக்கையும் நான் மாற்றுவதில்லை. வெந்ததும் குழாயடியில் காட்டிக் கழுவுவது நம் ஆட்களுக்கு சேமியாவிலிருந்து வந்த பழக்கம், கழுவினால் மேலே ஒட்டியிருக்கிற மாவெல்லாம் போய், குழம்பு பாஸ்தாவில் பிடிக்காமல் தட்டில் தனியாக ஓடும். பாஸ்தா வெந்த தண்ணீரில் ஒரு கப் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பொருள் எதை மாற்றினாலும், அது அங்கே என்ன வேலை செய்கிறது என்று பார்த்துவிட்டு மாற்றுங்கள் என்பதுதான் என் ஒரே கட்சி.

எங்கள் வீட்டில் அடிக்கடி செய்கிற இத்தாலிச் சாப்பாடு சிசிலித் தீவில் இருந்து வந்தது, ஏனென்றால் அதற்கு வேண்டியது சாளை, அதாவது மத்தி மீன். சந்தையில் மலிவாக வந்துவிட்டால் மாமியாருக்குப் புளிமுளம் என்கிற மீன் குழம்பு, எங்களுக்குப் பாஸ்தா. சிசிலியில் சாளையோடு காட்டுப் பெருஞ்சீரகத் தழை, பைன் கொட்டை, உலர்திராட்சை, குங்குமப்பூ, உப்பிட்ட நெத்திலி எல்லாம் போடுகிறார்கள். தழைக்கு நான் எங்கே போவேன்? பெருஞ்சீரகத்தை ஒன்றிரண்டாக இடித்துப் போடுகிறேன். பைன் கொட்டைக்குப் பதில் அண்டிப்பருப்பு, அதாவது முந்திரி. அண்டி ஆபீஸ் என்கிற முந்திரித் தொழிற்சாலைகள் நிறைந்த ஊரில் இருந்துகொண்டு வெளிநாட்டுக் கொட்டை வாங்குவானேன்? உடைந்த பருப்பே போதும்.

சாளையைச் செதில் போக்கி, தலையைக் கிள்ளி, வயிற்றைத் திறந்து கட்டைவிரலை நடுமுள்ளை ஒட்டி வால்வரை ஓட்டினால் முள் முழுசாகக் கையோடு வந்துவிடும். சின்ன உள்ளியை, அதாவது சின்ன வெங்காயத்தை, வதக்கிப் பொன்னிறத்துக்கு முன்னாடியே நிறுத்தி, இடித்த பெருஞ்சீரகம், ஊறவைத்த திராட்சை, அப்புறம் மீன். பாதி மீன் உடைந்து கரைய வேண்டும், பாதி துண்டாக நிற்க வேண்டும். தேங்காய் எண்ணெய் மட்டும் வேண்டாம், பெருஞ்சீரக வாசனையை அது எழும்பவே விடாது (இதைச் சொன்னதற்கு என் நாத்தனார் முறைத்தாள்).

மேலே தூவ சீஸ் கிடையாது. அந்த ஊரில் சீஸ் வாங்க வசதியில்லாதவர்கள் காய்ந்த ரொட்டியைப் பொடித்து எண்ணெயில் வறுத்துத் தூவினார்கள். சாளை வாங்கவும் காசில்லாவிட்டால் மீனே இல்லாமல் இதைச் செய்துவிட்டு, 'சாளை இன்னும் கடலில் இருக்கிறது' என்று அதற்கு ஒரு பெயரும் வைத்தார்கள். நான் பேக்கரி ரஸ்க்கைப் பொடித்து வறுக்கிறேன். இனிப்பில்லாத ரஸ்க்காகப் பார்த்து வாங்க வேண்டும்.

மாமி கஞ்சியும் பயறு துவரனும் சுட்ட அப்பளமும் எடுத்துக்கொண்டு உட்காருவார். என் தட்டை எட்டிப் பார்த்து, "மக்களே, இதுல ஒரு முறி தேங்கா அரைச்சு விடப்பிடாதா?" என்பார். விட்டால் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அது மீன் கறியில் ஸ்பகெட்டி, அதற்கு மரச்சீனியே மேல். பேசிக்கொண்டே என் தட்டில் துண்டாக நிற்கிற சாளையாகப் பார்த்துப் பொறுக்கிக் கஞ்சிக்குத் தொட்டுக்கொள்வார், ரஸ்க் பொடியோடு சேர்த்து. மகனுக்குச் சீஸ் இல்லாமல் ஆகாது, மீனும் சீஸும் சேராது என்று எவ்வளவு சொன்னாலும் கேட்க மாட்டான், டப்பாவை அவன் பக்கம் தள்ளிவிடுவேன். செய்து பார்ப்பவர்கள் அண்டிப்பருப்பை வறுக்காமல் போட்டுவிடாதீர்கள், சவசவ என்று இருக்கும்.