எம் வரிசை, 14-ஆம் நாற்காலி

2023 டிசம்பரில், மயிலாப்பூர்ப் பக்கம் ஒரு சபாவில் பதினெட்டு நாள் டிக்கெட் கவுன்ட்டரில் உட்கார்ந்தேன். அப்போது பி.காம். இரண்டாம் வருடம். முந்தைய மார்கழிக் கச்சேரி சீசனில் அந்த வேலையைப் பார்த்த சீனியர் ஒருவர் என்னைக் கைகாட்டிவிட்டார். நேர்காணல் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. "நூத்தம்பது ரூபாய் டிக்கெட் மூணு, ஐந்நூறு தர்றாங்க. மீதி?" என்றார் செயலாளர். "ஐம்பது" என்றேன். சரி, நாளைக்கே வா என்றார். நாளுக்கு 500 ரூபாய், கேண்டீனில் டிபன் காபி இலவசம். உண்மையைச் சொன்னால் பாதி டிபனுக்காகத்தான் போனேன்.

எனக்குக் கர்நாடக சங்கீதம் ஒரு அட்சரம் தெரியாது. டிக்கெட் கிழித்துக் கொடுக்க ராகம் எதற்கு என்று நினைத்திருந்தேன். முதல் நாளே ஒரு மாமி கவுன்ட்டர் துவாரத்தில் குனிந்து, "இன்னிக்கு மிருதங்கம் யாரு?" என்றார். விழித்தேன். "அது தெரியாம எப்படிப்பா டிக்கெட் வாங்கறது?" என்று பையை மூடிக்கொண்டு போயே போய்விட்டார். மறுநாளிலிருந்து வயலின், மிருதங்கம், கடம் என்று அன்றைய பக்கவாத்தியக்காரர்களின் பெயர்களைப் பெரிதாக எழுதிக் கண்ணாடியில் ஒட்டிவிட்டேன். பாதிக் கேள்வி குறைந்தது.

மதியக் கச்சேரிகளில் வளரும் கலைஞர்கள் பாடுவார்கள், அதற்கு அனுமதி இலவசம். மாலைக் கச்சேரிக்குத்தான் டிக்கெட். அதிலும் முன்வரிசைகள் நன்கொடையாளர்களுக்கும் சீசன் டிக்கெட்காரர்களுக்கும் போய்விடும். மிச்சம் இருப்பதுதான் என் கைக்கு வரும். அதிகபட்ச விலை 500. ஏன் அங்கேயே நிற்கிறது என்று கேட்டபோது, கச்சேரி டிக்கெட் தலைக்கு 500 ரூபாய் வரை ஜிஎஸ்டி கிடையாது, தாண்டினால் உண்டு என்றார் கணக்குப் பிள்ளை. வகுப்பில் படித்த பாடம் உருப்படியாகப் புரிந்தது அன்றுதான்.

ஃபோனில் பணம் கட்டுபவர்கள் இன்னொரு தலைவலி. வராந்தாவில் சிக்னல் சரியாக இருக்காது. "கட்டிட்டேன் தம்பி, பாரு" என்று திரையைக் காட்டுவார்கள். பணம் வந்ததை அறிவிக்கும் ஒலிபெருக்கிப் பெட்டி வாயைத் திறந்து தொகையைச் சொன்னால்தான் டிக்கெட் என்பது எனக்கு இட்ட உத்தரவு. பின்னால் முப்பது பேர் நிற்க, அந்தப் பெட்டியின் குரலுக்காக நானும் அவரும் காது கொடுத்துக் காத்திருப்போம்.

டிக்கெட் புத்தகத்துக்குக் கணக்கு எளிது. ஒவ்வொரு தாளிலும் தொடர் எண், நாற்காலி எண். திறக்கும்போது முதல் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும், மூடும்போது கடைசி எண்ணை. அதிலிருந்து விற்ற தாள்களை எண்ணி விலையால் பெருக்கினால் வருவதும், ரொக்கமும் ஃபோனில் வந்ததும் சேர்ந்த தொகையும் ஒன்றாக இருக்க வேண்டும்.

பத்தாவது நாள் அது ஒன்றாக இல்லை. 300 ரூபாய் குறைந்தது.

அன்று பெரிய பாடகர். ஆறே முக்காலுக்குக் கச்சேரி, ஆறரைக்கே எல்லாம் தீர்ந்து 'ஹவுஸ் ஃபுல்' பலகையை வைத்துவிட்டேன். அப்புறம் வந்தார் ஒரு பெரியவர். வேளச்சேரியிலிருந்து பறக்கும் ரயிலில் வந்து, திருமயிலை ஸ்டேஷனிலிருந்து நடந்தே வந்திருக்கிறார். மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து, இரண்டு வாரமாகக் கழுவித் துடைத்து, அன்றுதான் வெளியே கிளம்பினாராம். "ஒண்ணே ஒண்ணு இருக்காதா தம்பி? ஓரமா இருந்தாலும் பரவாயில்லை." இல்லை சார் என்றேன். கொஞ்ச நேரம் வாசலில் நின்றார். உள்ளே தம்புரா கேட்டது. பிறகு ஆளைக் காணோம்.

இரவு ஒன்பதரைக்கு மூன்று முறை எண்ணியும் அதே 300. செயலாளர் ஒன்றும் திட்டவில்லை, "சம்பளத்துல பிடிச்சுக்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. வாசலில் பாதி கிழித்து வாங்கும் துண்டுகளைப் போடும் டப்பாவை நானும் கேட்காரர் அண்ணனும் தரையில் கொட்டி எண்வாரியாக அடுக்கினோம். எம் 15-இன் முதுகில் ஒட்டியபடி எம் 14 இருந்தது. புதுப் புத்தகம், தாள்கள் பிரியவில்லை. யாருக்கோ ஒன்று என்று இரண்டைக் கொடுத்திருக்கிறேன். அவரும் பார்க்கவில்லை, அண்ணனும் சேர்த்தே கிழித்துவிட்டார்.

சீட்டை நீட்டி, "பணம் திருட்டுப் போகலை சார்" என்று மறுநாள் காலை செயலாளரிடம் சொன்னேன். "சரி, ஆனா வித்திருக்க வேண்டிய டிக்கெட் தானே?" என்றார். பிடித்த பணம் பிடித்ததுதான். அன்றிலிருந்து ஒரு கிண்ணத்தில் ஈரப் பஞ்சு வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தாளையும் விரலால் தேய்த்துப் பார்த்தே கொடுத்தேன்.

கேட்காரர் அண்ணனிடம் எம் 14-இல் அன்று யாராவது உட்கார்ந்தார்களா என்று கேட்டேன்.

"பக்கத்து சீட்டு அம்மா ஸ்வெட்டரும் ஃபிளாஸ்க்கும் வச்சிருந்தாங்கப்பா" என்றார்.